ஜோடிப் பாட்டை ஒற்றை ஆளாக எழுதப் போய் 2,880 டாலர் போன கதை

எங்கள் 25ஆவது கல்யாண நாளுக்கு இவருக்கு ஒரு பாட்டைப் பரிசாகக் கொடுக்க ஆசைப்பட்டேன். கடையில் வாங்கிய பாட்டு இல்லை, நானே எழுதியது. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாணிப் பாட்டு. அந்த ஆசையில் 2,880 டாலர் கைவிட்டுப் போனது, அதில் 900 மட்டும் திரும்பி வந்தது. பணத்தைவிட, ஏழு மாதம் யாரிடமும் சொல்லாமல் நானே பயந்து நானே அழுது கிடந்ததுதான் எனக்குப் பெரிய நஷ்டம். விவரம் தெரிந்த ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. பாட்டு எழுதுகிற ஆசை உள்ள யாருக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

நாங்கள் டென்னசியில் மர்ஃப்ரீஸ்பரோவில் இருக்கிறோம், நாஷ்வில்லிலிருந்து முக்கால் மணி நேரம். 2001இல் வந்தோம். இவருக்கு ஸ்மிர்னாவில் கார்த் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். வந்த புதிதில் இங்கிலீஷ் காதுக்குப் பழகட்டும் என்று காரில் 650 ஏ.எம். வானொலியைப் போட்டுவிட்டு ஓட்டுவார். 1925இலிருந்து கிராண்ட் ஓலே ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை ஒலிபரப்புகிற நிலையம் அது. அப்படியே கன்ட்ரி பாட்டு இவருக்குள் இறங்கிவிட்டது. அதிலும் ஜோடிப் பாட்டு என்றால் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஹெண்டர்சன்வில்லுக்கு அழைத்துப் போய் கன்ட்ரி பாடகர்களான ஜானி கேஷ், ஜூன் கார்ட்டர் தம்பதியின் கல்லறையைக் காட்டினார். 1968 பிப்ரவரியில் கனடாவில் மேடையிலேயே கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஜானி கேட்டாராம், மார்ச் 1ஆம் தேதி கல்யாணம். 35 வருஷம் சேர்ந்து வாழ்ந்து, 2003 மே மாதம் அவர் மனைவி போக, செப்டம்பரில் அவரும் போய்விட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல். இவர் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் நின்றார். ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் 1975இல் விவாகரத்து ஆன பிறகும் சேர்ந்து பாடி, அடுத்த வருஷமே ஒரு கல்யாண மோதிரத்தைப் பற்றிய பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுவந்த கதையையும் திரும்பி வரும் வழியில்தான் சொன்னார். இந்த மனிதருக்கு ஒரு பாட்டுதான் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது.

2023 ஜனவரியில் எழுத உட்கார்ந்தேன். சின்ன வயதில் ஏழெட்டு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டவள் என்பதால் தாளக்கட்டு பிடிபட்டது. விஷயம் எங்கள் வாசல் விளக்குதான். முதல் சரணம் ஆணுக்கு: ராத்திரி ஒன்றரை மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும்போது தெருவே இருட்டாக இருக்கிறது, என் வீட்டு விளக்கு மட்டும் எரிகிறது, அவள் எனக்காக அதை எரியவிட்டுத் தூங்கப் போய்விடுகிறாள். இரண்டாவது சரணம் பெண்ணுக்கு: நான் தூங்கிவிட்டேன் என்று அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வருகிறார், கார்ச் சத்தம் தெருமுனையில் திரும்புகிற வரை நான் கண் மூடியதே இல்லை என்பது இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது. பல்லவியில் இருவரும் சேர்ந்து, விளக்கு எரிகிறது என்று மட்டும். ஜோடிப் பாட்டின் அழகே இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் பாடுவார், கேட்கிற நமக்கு இரண்டும் தெரியும்.

பிழை இங்கேதான் ஆரம்பித்தது. வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இணையத்தில் தேடினேன். 'பாடல் வரிகள் வரவேற்கப்படுகின்றன' என்று ஒரு கம்பெனி விளம்பரம் வந்தது, நாஷ்வில் முகவரியோடு. அனுப்பினேன். பத்தே நாளில் பதில்: உங்கள் வரிகளை எங்கள் குழு தேர்வு செய்திருக்கிறது, நல்ல வணிக வாய்ப்பு இருக்கிறது, வாழ்த்துகள். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பல் மருத்துவமனையில் கணக்கெழுதுகிறவள் நான், நான் எழுதிய ஒன்றை யாரும் அதற்கு முன் தேர்வு செய்ததில்லை. பிப்ரவரியில் ஏற்புக் கட்டணம் என்று 350 டாலருக்குச் செக் அனுப்பினேன். மார்ச்சில் மெட்டுப் போட்டு இரண்டு பாடகர்களை வைத்து டெமோ, அதாவது மாதிரி ஒலிப்பதிவு, எடுக்க 1,480, காப்புரிமைப் பதிவுக்கு 150, இரண்டும் கார்டில். மே மாதம் டெமோ வரும் என்றார்கள், வரவில்லை. ஜூலையில், பெரிய பாடகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க விளம்பரக் கட்டணம் 900 என்றார்கள், அதையும் கட்டினேன். இவரிடம் சொல்லவில்லை, பரிசாயிற்றே. நகைச்சீட்டுக்கென்று நான் தனியாகச் சேர்த்திருந்த பணம் அது.

இதில் முதல் பாடம். நிஜமான இசைப் பதிப்பாளர் பாட்டெழுதுகிறவரிடம் ஒரு சென்ட்கூட வாங்க மாட்டார். பாட்டு விற்றால் அவருக்குப் பங்கு வரும், அதுதான் அவர் பிழைப்பு. தேர்வாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டு யார் பணம் கேட்டாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். டெமோ எடுத்துக் கொடுக்கிற ஸ்டுடியோ வேறு விஷயம். அவர்கள் இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று வெளிப்படையாக வாங்குவார்கள், உங்கள் பாட்டைப் புகழ மாட்டார்கள், உரிமையில் பங்கும் கேட்க மாட்டார்கள். புகழ்ச்சியும் பில்லும் ஒரே கவரில் வந்தால்தான் ஆபத்து. இந்த ஊரில் பாடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர் என்பது சகஜம். 1997இல் டிம் மெக்ராவும் ஃபெய்த் ஹில்லும் சேர்ந்து பாடி, கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டை எழுதியவர் ஸ்டெஃபனி ஸ்மித். அந்தப் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? அதனால் யாரோ ஒரு பெயர் தெரியாத பெண் எழுதியது மேலே போகலாம் என்ற நம்பிக்கை இங்கே எல்லோருக்கும் உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். பின்னால் படித்துப் பார்த்தால் இது 1900 வாக்கிலிருந்தே நடக்கிற வியாபாரமாம். அந்தக் காலத்தில் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் 'உங்கள் கவிதைக்கு மெட்டுப் போடுகிறோம்' என்று விளம்பரம் வருமாம். இவர்களுக்கு சாங் ஷார்க், அதாவது பாட்டுச் சுறா என்றே பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் பிப்ரவரியில் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா என்று எத்தனை நாள் வெதும்பியிருக்கிறேன்.

டெமோ ஜூலைக் கடைசியில்தான் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக் கார் நிறுத்தத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஃபிடில் அழகாக ஆரம்பித்தது. முதல் சரணம் ஆண் குரல், சரி. இரண்டாவது சரணமும் அதே ஆண் குரல். 'நான் கண் மூடியதே இல்லை' என்று பெண் சொல்ல வேண்டியதை அந்த மனிதர் பாடிக்கொண்டிருந்தார். பெண் குரல் பல்லவியில் மட்டும் வந்து, அதே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே பாடிவிட்டுப் போனது. இருவரும் ஒரே அறையில் நின்று பாடியதாகவே இல்லை, மூச்சு விடுகிற இடம்கூடச் சேரவில்லை. தயிர்சாதம் தொண்டையில் இறங்கவில்லை. சரி, நமக்குத்தான் இந்த இசை புரியவில்லையோ என்று அன்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, அந்தக் கம்பெனி மாதிரிக்கென்று போட்டு வைத்திருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் அதே ஃபிடில். அதே மெட்டு, அதே ஆண் குரல், வேறு யாரோ எழுதிய வரி, அம்மாவைப் பற்றி. என்னைப் போல இன்னொருத்தர் எங்கேயோ உட்கார்ந்து இதே மெட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார் என்று நினைத்ததும்தான் அழுகை வந்தது.

அதனால் டெமோவுக்குப் பணம் கட்டும் முன்னால் அவர்களுடைய பழைய வேலைகளில் பத்தாவது கேளுங்கள், வரியை விட்டுவிட்டு மெட்டை மட்டும் கேளுங்கள். ஜோடிப் பாட்டு என்றால் எந்த வரி யாருக்கு என்று வரிக்கு வரி குறித்துக் கொடுத்து, அதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் போட்ட கையெழுத்தில் பதிப்புரிமையில் பாதியை அவர்களுக்குக் கொடுத்திருந்தேன், எந்தக் காலக்கெடுவும் இல்லாமல். நியாயமான ஒப்பந்தத்தில், இத்தனை நாளுக்குள் பாட்டு பதிவாகி வெளிவராவிட்டால் உரிமை எழுதியவருக்கே திரும்பிவிடும் என்று ஒரு பிரிவு இருக்கும். அந்தப் பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

காப்புரிமைக்கு என்று வாங்கிய 150 என்ன ஆனது என்று அப்புறம்தான் பார்த்தேன். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். என் பெயரைப் போட்டேன், பாட்டின் பெயரைப் போட்டேன், ஒன்றுமே இல்லை. உண்மையில் பாட்டைக் காகிதத்திலோ ஃபோனிலோ பதிந்த நிமிஷமே அது நம் உரிமைதான். பதிவு என்பது வழக்கு என்று வந்தால் நமக்குக் கிடைக்கும் பலம். அதை வீட்டிலிருந்தே ஆன்லைனில் செய்யலாம். எழுதியவர் ஒருவர், பாட்டு ஒன்று, உரிமையும் அவருக்கே என்றால் 45 டாலர், இல்லையென்றால் 65. நமக்கு நாமே தபாலில் அனுப்பிக் கவரைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் போதும் என்று இங்கே நிறையப் பேர் சொல்வார்கள். அது பதிவுக்கு ஈடாகாது.

பணத்தைத் திரும்பக் கேட்டதில் எனக்கு நேர்ந்ததைக் கவனமாகப் படியுங்கள். கார்டில் கட்டிய பணத்துக்கு, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து தரவில்லை என்றால் கார்டு வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பலாம். ஆனால் அந்தத் தொகை முதலில் வந்த பில்லை வங்கி அனுப்பிய நாளிலிருந்து 60 நாளைக்குள் எழுத்தில் எழுப்ப வேண்டும் என்று சட்டம். என் மார்ச் தொகை ஏப்ரல் பில்லில் வந்தது. ஆகஸ்ட்டில் விழித்துக்கொண்டேன், கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மே என்று சொன்ன டெமோவை ஜூலைக்கு இழுத்தடித்ததன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. ஜூலை 900க்கு மட்டும் கெடு இருந்தது. அவர்கள் அனுப்பிய எல்லாக் கடிதத்தையும், இரண்டு பாட்டுக்கும் மெட்டு ஒன்று என்பதற்கு ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பினேன், திரும்பி வந்தது. செக்கில் கொடுத்த 350 போனது போனதுதான். யாராவது தேதியைத் தள்ளிக்கொண்டே போனால் காலண்டரில் 60ஆவது நாளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். உரிமையை விடுவிக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்த பிறகு, அக்டோபரில் ஒரு பக்கத்தில் விடுதலைக் கடிதம் வந்தது.

இவரிடம் சொன்னது ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி. வழக்கம்போல விளக்கு எரிந்தது, அன்று நான் படுக்காமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார், ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று. "ஒண்ணுமில்லைங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பணம் கெடக்குது, அந்தப் பாட்டைக் குடு" என்றார். படித்தார். இரண்டாவது சரணத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நீ தூங்கவே இல்லையா? இத்தனை வருஷமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் செருப்பு இன்னும் கையிலேயே இருந்தது.

கல்யாண நாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நாமே பாடுவோம் என்றார் இவர். பாடிப் பார்த்தபோதுதான் ஜோடிப் பாட்டின் நிஜமான கஷ்டம் தெரிந்தது, சுருதி. எனக்கு 5 கட்டை, இவருக்கு 1 கட்டை. இவர் சௌகரியத்துக்கு வைத்தால் என் குரல் கிணற்றுக்குள் போகிறது, என் சௌகரியத்துக்கு வைத்தால் இவர் கத்த வேண்டியிருக்கிறது. கோயிலில் பழக்கமான ஒரு பையன் கிடார் வாசிப்பான், அவனைக் கூப்பிட்டோம். கிடாரில் சேர்த்து மீட்டுகிற ஸ்வரக் கூட்டங்களை (chord) அவன் C, F, G என்று எழுத்தில் எழுதாமல் 1, 4, 5 என்று எண்ணில் எழுதினான். இதற்கு நாஷ்வில் நம்பர் சிஸ்டம் என்று பெயர், 1950களின் இறுதியில் நீல் மாத்யூஸ் என்ற பாடகர் ஸ்டுடியோ வேலைக்காக உருவாக்கியதாம். எண் மாறாது, சுருதி மட்டும் எங்கே வேண்டுமானாலும் நகரும். எனக்கு உடனே புரிந்தது, நம் ச, ம, ப தானே அது. 1 என்றால் ஷட்ஜம், எந்தக் கட்டையில் வைத்தாலும் ஷட்ஜம். அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றி இறக்கிப் பார்த்து 2 கட்டையில் நிறுத்தினோம். இவர் சரணத்தைக் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கினார், என் சரணத்தின் மெட்டை மாற்றி மேல் ஷட்ஜத்தில் தொடங்கினோம். அப்படி மாற்றியதில் பாட்டே உயிர் பெற்றது. அவர் பேசுகிற மாதிரி ஆரம்பிக்க, அதற்குப் பதில் சொல்கிற மாதிரி நான் மேலே எடுக்கிறேன். மெட்டை முதலில் போட்டுவிட்டுப் பாடுகிறவரைத் தேடாதீர்கள், இரண்டு குரலையும் வைத்துக்கொண்டு சுருதியைத் தேடுங்கள்.

பல்லவி இன்னும் படுத்தியது. இவர் மெட்டைப் பாட, நான் ஒரு படி விட்டு மேலே பாட வேண்டும். இவர் ச என்றால் நான் க, இவர் ரி என்றால் நான் ம. ஸ்கேல் என்னவோ நம் சங்கராபரணம்தான். ஆனால் சேர்ந்து பாடினால் ஒரே ஸ்வரத்தில் ஒட்ட வேண்டும் என்றே பழகிய காது என்னுடையது, இரண்டாவது வரியிலேயே இவருடைய ஸ்வரத்தில் போய் விழுந்துவிடுவேன். நான்கு நாள் இப்படியே போனது. அப்புறம் இவர் குரலே இல்லாமல், தம்புராவை மட்டும் போட்டுக்கொண்டு, என் பகுதியைத் தனிப் பாட்டாக நினைத்து ஐம்பது அறுபது தடவை பாடினேன். அதை ஃபோனில் பதிந்து பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் இவர் தாழ்வாரத்தில் நின்று பாட, நான் சமையலறையில் நின்று பாடினேன், விழவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டடி நெருங்கி வந்தோம். கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, இவர் மூச்சு இழுப்பது என் தோளில் தெரிகிற தூரத்தில் பாடினோம். மூச்சு தானாகச் சேர்ந்தது.

செப்டம்பர் முதல் வாரம், ஆவணியில், வீட்டில் இருபது பேர் முன்னால் பாடினோம். இவருக்கு முதல் சரணத்தில் குரல் நடுங்கியது, எனக்கு இரண்டாவதில். பின்னால் அதே கிடார்ப் பையனை வைத்து, ஊரிலேயே ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒரு மதியம் பதிந்தோம், எல்லாம் சேர்த்து 280 டாலர். நாஷ்வில் கிரீன் ஹில்ஸில் புளூபேர்ட் கஃபே என்று ஒரு சின்ன இடம், 1982இலிருந்து இருக்கிறது, தொண்ணூறு பேர் உட்காரலாம். பாட்டெழுதுகிறவர்களே வட்டமாக உட்கார்ந்து தங்கள் பாட்டைப் பாடுவார்கள், கூட்டம் மூச்சுக் காட்டாமல் கேட்கும். எழுதிய பாட்டுடன் யாரை நம்புவது என்று தெரியாதவர்கள் முதலில் அந்த மாதிரி இடத்தில் போய் நான்கு தடவை உட்காருங்கள். நாஷ்வில்லில் 1967இலிருந்து பாட்டெழுதுகிறவர்களுக்கென்றே சங்கமும் இருக்கிறது, உறுப்பினரானால் பாட்டைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். அங்கே என் பாட்டின் மூன்றாவது சரணம் தேவையே இல்லை என்றார்கள். கேட்கக் கசப்பாக இருந்தது, எடுத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. என்னிடம் நிஜம் சொன்ன முதல் வெளியாட்கள் அவர்கள்தான்.

விடுதலைக் கடிதம் வந்த வாரமே காப்புரிமைப் பதிவுக்கு உட்கார்ந்தேன். எழுதியவர் யார் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டுவிட்டு, இன்னொருவர் உண்டா என்று கேட்ட இடத்தில் நின்றேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இவர், "வரி உன்னோடது, உன் பேர்ல மட்டும் போடும்மா, 20 டாலர் மிச்சம்" என்றார். கீழ்ப் பஞ்சமத்தில் அந்தச் சரணத்தைத் தொடங்கலாம் என்று பாடிக் காட்டியது இவர்தான். இரண்டு பெயரையும் போட்டு 65 டாலர் கட்டினேன்.